சுவரோரம் ஒரு விரல் இடம்

1

நம் ஊரில் வீட்டுத் தரையைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. சிமெண்டுத் தரை, கொஞ்சம் வசதி வந்தால் சிவப்பு ஆக்சைடு, இன்னும் கொஞ்சம் வந்தால் மொசைக். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் வாசல் பக்கம் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களிடம், தரைக்கும் உடம்புக்கு வரும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே வரும். தண்ணீர் பட்டால் ஊதும், வெயில் பட்டால் வெளுக்கும், ஹீட்டரைக் கூட்டி வைத்தால் விரிசல் விடும். பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இங்கே தரை மரம்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு தொழில் நகரம். மூன்றாவது மாடி. கட்டடம் ஒரு வீட்டு நிர்வாகக் கம்பெனிக்குச் சொந்தம். வாடகை ஒப்பந்தத்தில் குடியிருக்கும் மனிதர்களைப் பற்றி அரைப் பக்கமும் தரையைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். வந்து பதினொரு வருடம் ஆகிறது. அந்த இரண்டு பக்கத்தை நான் முழுதாகப் படித்தது இந்தக் குளிர்காலத்தில்தான், அதுவும் கூடத்துத் தரை எழும்பிய பிறகு.

தரை எழும்பினால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். எங்களுக்கு முழுகும்போலத்தான் இருந்தது. எங்கள் ஊர் குருபரப்பள்ளியில் அம்மா இறந்த பிறகு அத்தா, என் தகப்பனார், தனியாக இருந்தார். வயது எழுபத்திரண்டு. நான் ஒரே பிள்ளை. இங்கே அழைத்து வந்து மூன்று மாத அனுமதியில் வைத்திருந்து, கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு மூன்று மாதம் நீட்டிப்பு வாங்கினேன். அது மார்ச் கடைசியில் முடிகிறது. அதற்குமேல் அவர் எங்களோடு இருக்க வேண்டுமென்றால் மூன்று காகிதம் வேண்டும் என்றார்கள். சம்பளச் சான்று, மருத்துவக் காப்பீடு இரண்டும் கிடைத்துவிட்டன. மூன்றாவது, வீட்டு நிர்வாகம் தர வேண்டியது: இந்த வீட்டில் இன்னொருவர் வசிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கும் எனக்கும் நடுவில்தான் தரை எழும்பி நின்றது.

2

அத்தா செப்டம்பரில் வந்தார். பெங்களூர் வரை பஸ், பம்பாய் வழியாக விமானம். இறங்கியதும் முதலில் பேசியது கன்னடம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த விமான நிலைய ஊழியரிடம், இங்கே வைங்க சுவாமி என்பதைக் கன்னடத்தில் சொன்னார். ஓசூரில் முப்பது வருடம் தொழில் செய்தவர். தச்சர்களோடு கன்னடம், லாரிக்காரர்களோடு தெலுங்கு, கம்பெனி கேட்டில் உடைந்த இங்கிலீஷ். தமிழ் தெரியாத ஆள் எதிரே வந்தால் அவர் வாய் தானாகக் கன்னடத்துக்குப் போய்விடும். துருக்கிக்காரர் காய்கறிக் கடையில் அவர் தக்காளியை அழுத்திப் பார்த்துக் கன்னடத்தில் பேரம் பேசியதும், கடைக்காரர் துருக்கியில் பதில் சொன்னதும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தக்காளியை நிறுத்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான்கு மொழிக்காரர் இங்கே வந்து ஊமையானார் என்று நான் வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

காலை ஐந்தரைக்கு நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவேன். என் மனைவி நசீமா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் மதியம் வரை வேலை செய்கிறாள். மகள் ரிசுவுக்குப் பதிமூன்று வயது, பள்ளிக்கூடம். மதியம் இரண்டு மணி வரை அத்தா தனியாகத்தான் இருப்பார். ஐந்து வேளைத் தொழுகைதான் அவருடைய கடிகாரம். தொழுகைக்கு முன் குளியலறையில் ஒளு செய்வார். கை, முகம் கழுவி, கடைசியில் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கணுக்கால் வரை கால்களைக் கழுவுவார். அந்த ஈரத்தைத் துடைக்காமல் விடுவது அவர் பழக்கம். அவருடைய அத்தாவும் அப்படித்தானாம். அப்படியே ஈரக்காலோடு எழுந்து, கூடத்தைக் கடந்து, ஜன்னலோர மூலையில் விரித்திருக்கும் தொழுகை விரிப்புக்கு, முசல்லாவுக்கு, போவார். ஊரில் இதில் ஒரு தொல்லையும் இல்லை. பள்ளிவாசலில் தொட்டியிலிருந்து உள்ளே போய் நிற்பதற்குள் பாதி ஈரத்தைச் சிமெண்டு குடித்துவிடும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

முதல் வாரமே அந்த ஈரத் தடங்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதைப் பார்த்தேன். மரத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? என் அத்தாவுக்கு ஓசூரில் பெயரே பொட்டி பாய். சிப்காட் கம்பெனிகள் வெளியூர் அனுப்பும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுக்கும் ஷெட் வைத்திருந்தவர். நான் அந்த மரத்தூளில் வளர்ந்தவன். "அத்தா, காலைக் கொஞ்சம் துடைச்சுக்கோங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு வார்த்தை. சொல்ல முடியவில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள் நசீமா.

"நீ சொல்லேன்."

"நல்லா இருக்குதே. மாமனாரப் பாத்து மருமக, காலத் தொடைங்கன்னு சொல்றதா? வந்து பத்து நாள் ஆகல. எங்க வீட்டத் தொடாதீங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?"

ஆகிவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் குடும்பத்தில் அத்தா சொல்வார், நாங்கள் கேட்போம். திருப்பிச் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. அதுவும் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கும் மனிதரிடம். ஆகவே சொல்லாமல் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் கெட்டிக்காரத்தனம் இங்கிருந்து தொடங்குகிறது.

முதலில் குளியலறை வாசலில் ஒரு துண்டை விரித்தோம். யாரோ தவறவிட்டது என்று நினைத்து அத்தா அதை எடுத்து மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டார். முகம் துடைக்கிற துண்டை மிதிக்கலாமா என்று நசீமாவைக் கடிந்தும் கொண்டார். பிறகு புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வைத்தேன். குளியலறையில் கிடக்கிற செருப்பை ஒளு செய்த காலில் மாட்டிக்கொண்டு தொழப் போக அவருக்கு மனம் வரவில்லை, அதை ஒதுக்கி வைத்துவிட்டார். கடைசியில் நசீமாவுக்கு யோசனை வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கெட்டியான ஜமுக்காளங்களை நீளவாக்கில் மடித்துக் குளியலறை வாசலிலிருந்து ஜன்னல் மூலை வரை போட்டாள். அத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

"தொழுவுறதுக்குன்னே ரோடு போட்டுட்டம்மா நீ" என்றார்.

எங்களுக்கும் சந்தோஷம். தரையில் ஈரத் தடமே தெரியவில்லை. யார் மனதும் நோகாமல் வேலை முடிந்தது என்று நசீமாவும் நானும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். ஜமுக்காளம் ஒரு நாளைக்கு ஐந்து முறை தண்ணீரைக் குடித்து, குடித்ததை மூன்று மாதம் அடியில் இருந்த மரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தது என்பது டிசம்பர் கடைசியில் ரிசு தடுக்கி விழுந்தபோதுதான் தெரிந்தது.

ஜமுக்காளத்தைத் தூக்கினேன். பலகைகளின் ஓரங்கள் அப்பளம் மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தன. இணைப்புகளில் கருப்புக் கோடு. ஜன்னல் பக்கம் தரையே அடியிலிருந்து விட்டு இரண்டு விரல் உயரம் எழும்பியிருந்தது. காலால் அழுத்தினால் டொக்கென்று இறங்கியது, எடுத்தால் ஏறியது. பள்ளத்துக்கு மேல் பாய் போட்ட மாதிரி ஜமுக்காளத்தை மறுபடியும் போட்டு மூடினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

3

இப்படி ஒரு தரையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். ஓசூரில் ஒரு இயந்திரக் கம்பெனியில் நான் ஃபிட்டர் ட்ரெய்னி. வெளிநாட்டுக் கூட்டுக் கம்பெனி என்பதால் எல்லாம் தடபுடல். ஷட்டில் ஆட ஒரு ஹால் கட்டினார்கள். சிமெண்டுத் தரையில் குதித்தால் முட்டி போய்விடும் என்று மரத்தரை. பெங்களூர் காண்ட்ராக்டர் ஒருவர் தேக்குப் பலகைகளைச் சுவரிலிருந்து சுவர் வரை ஒரு முடி நுழையாமல் இறுக்கி அடித்துவிட்டுப் போனார். அவ்வளவு அழகு. திறப்பு விழாவில் எல்லோரும் தரையைத்தான் படம் எடுத்தார்கள்.

மழைக்காலம் வந்தது. ஹாலின் நடுவில் தரைக்கடியில் ஒரு எருமை படுத்திருப்பது போல எழும்பியது. காண்ட்ராக்டர் ஆள் அனுப்பி ஆணி அடித்தார். ஆணியோடு எழும்பியது. ஸ்டோர்ஸிலிருந்து வார்ப்பிரும்புக் கட்டிகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அந்த எருமை இரண்டடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. கடைசியில் ஸ்டோர்ஸ் ஆபீசருக்குப் பொட்டி பாய் நினைவு வந்தது. மரம் தெரிந்த ஆள், ஒரு தடவை காட்டிப் பார்ப்போமே என்று.

அத்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எழும்பிய இடத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகச் சுவரோரம் போய் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு பிளேடை எடுத்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"சார், நீங்க நோவு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் போட்டுகிட்டு இருக்கீங்க" என்றார். "மரம் மழைக்கு அகலமாவும், வெயிலுக்குக் கம்மியாவும். அகலமாவுறப்ப போவ எடம் வேணும். சொவத்துல முட்டுனா மேலதான் எந்திரிக்கும், வேற எங்க போவும்?"

நான்கு சுவரோரமும் ஒரு விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்தார். பலகைகளை வாங்கி வந்ததும் ஹாலிலேயே பத்து நாள் அடுக்கிப் போட்டு, அந்த இடத்துக் காற்றுக்குப் பழகவிட்டு அடித்திருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும் என்றார். அந்த இடைவெளியை மூடும் சுவரோரச் சட்டத்தைத் தரையில் அடிக்காமல் சுவரில் அடித்தார். ஒரு மாதம் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். எருமை தானாக எழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகு பர்சனல் மேனேஜர் அத்தாவை வழியில் பார்த்தால் ஜீப்பை நிறுத்தி வணக்கம் சொல்வார். கேட்டில் இன்ன நேரத்துக்கு மேல் லாரி நுழையக்கூடாது என்ற விதி பொட்டி பாய் லாரிக்கு மட்டும் இல்லை. ட்ரெய்னியாக நான் பெற்ற ஒரே மரியாதையும் அவர் பிள்ளை என்பதால் வந்ததுதான்.

4

நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது தரையைப் பார்க்க இல்லை. ஒப்புதல் வரிக்கு முன் எத்தனை அறை, எத்தனை படுக்கை என்று கணக்கெடுக்க வந்தார். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல மனிதர். வாசலில் ஷூவைக் கழற்றினார், நசீமா கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டார். நான் எழும்பிய இடத்தின் மேல் சோஃபாவை இழுத்துப் போட்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த ரிசு அருகில் நின்றாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஆபீஸ்காரர்கள் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதிதான் பிடிபடும், மீதிக்கு அவள் வேண்டும்.

ஜன்னலைப் பார்க்க அவர் இரண்டடி வைத்தார். டொக்.

குனிந்து ஜமுக்காளத்தைத் தூக்கினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சத்தம் கேட்டு அத்தா அறையிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, வளைந்த பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டினார்.

"இது மரமா?" என்று என்னைக் கேட்டார். "பளபளன்னு இருந்துச்சே, ரெக்சின்னு இல்ல நெனச்சிகிட்டு இருந்தேன்."

அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான்கு மாதமாக அதன் மேல் நடந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அத்தா சுவரோரம் நகர்ந்து போனார். சட்டத்தின் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு வந்தவரை நிமிர்ந்து பார்த்து, "கோடெ ஹத்ர ஜாகா பிட்டில்லா சுவாமி" என்றார். சுவர்ப்பக்கம் இடம் விடவில்லை என்று அர்த்தம். வந்தவர் ரிசுவைப் பார்த்தார். அவளுக்கு ஏது கன்னடம்? அத்தா தமிழில் திருப்பிச் சொன்னார், அவள் ஜெர்மனில் சொன்னாள். வந்தவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு அவளிடம் வேறொன்று கேட்டார். இவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது?

ரிசு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் தாதா ஒரு நாளைக்கு ஐந்து முறை கால் கழுவிவிட்டுத் துடைக்காமல் இதில் நடப்பார் என்று சொன்னாள். அதில் கோள் இல்லை, குத்தல் இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். அவர் எழுதிக்கொண்டார்.

"பாப்பா என்னா சொல்லுச்சு?" என்றார் அத்தா.

"ஜன்னல் வழியா மழைத் தண்ணி வந்துச்சுன்னு சொன்னா அத்தா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது அதுதான். மரத்தில் முப்பது வருடம் புரண்டவரிடம் மரத்தைப் பற்றிப் பொய் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அடிச்சட்டத்தைத் தடவினார். விரலில் தூசிதான் ஒட்டியது. ஜன்னலிலிருந்து குளியலறை வாசல் வரை நேராக ஓடிய கருப்புக் கோட்டை ஒரு முறை பார்த்தார்.

"ஓ" என்றார்.

அன்று மாலை ரிசு என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "டாடி, நான் பொய் சொல்லணுமா இருந்துச்சா?" என்று அவளுடைய தமிழில் கேட்டாள். இல்லை என்று சொன்னால் என் பொய் என்ன ஆவது? ஆமாம் என்று சொன்னால் அவள் என்ன ஆவாள்? போய்ப் படி என்றேன்.

5

அன்றிலிருந்து அத்தா ஒளு செய்தால் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. என்ன ஆயிற்றோ என்று ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்தேன். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி வைத்திருந்தார். காய்வதற்காக. பக்கத்துக் கம்பியில் நான்கு துண்டுகள் தொங்கின. எது யாருடையது என்று கேட்க அவருக்குக் கூச்சம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம். சொன்னால் மழைத் தண்ணீர்ப் பொய் உடைந்துவிடும். வெளியே உறைபனி. தரை ஓடு பனிக்கட்டியாக இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். அவருக்குக் கணுக்கால் வீங்கியது. நசீமா தைலம் தேய்த்துக்கொண்டே அழுதாள். குளிருக்கு வீங்கும்மா என்று அவர் அவளைத் தேற்றினார்.

நிர்வாகத்தின் கடிதம் வந்தது. கூடத்துத் தரை முறையான நிலைக்கு வந்த பிறகே கோரிக்கை பரிசீலிக்கப்படும். செவ்வாய், வியாழன் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் அவர்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியும், நான் மெஷினில் நிற்கும் நேரம். லீவு போட்டுப் பிடித்தேன். தரையைச் சரிசெய்ய எங்கள் ஆட்கள் வருவார்கள் என்றார்கள். எப்போது? வரிசைப்படி, ஜூன் வாக்கில். அத்தாவின் அனுமதி மார்ச்சில் முடிகிறது என்றேன். அது வேறு அலுவலகம் என்றார்கள்.

அத்தாவிடம் ஜூன் என்று மட்டும் சொன்னேன்.

"ஜூன் வரைக்கும் என்னாத்துக்கு? ரம்பமும் உளியும் குடு. ஒரு நாள் வேல."

"நாம தொடக்கூடாதாம் அத்தா."

"நாம குடியிருக்கிற வீட்டுத் தரைய நாம தொடக்கூடாதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்காவ இல்லப்பா. இப்படியே வுட்டா மீதியும் போயிடும்" என்றார்.

ஒப்பந்தத்தின் இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துப் படித்தேன். படித்துவிட்டு, வேலையிடத்து நண்பரிடம் ரம்பமும் உளியும் கேட்டு வாங்கி வந்தேன். தரை சரியாக இருந்தால் யார் செய்தது என்று பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நம் ஊரில் பார்க்க மாட்டார்கள். ஓசூரில் பர்சனல் மேனேஜர் ஜீப்பை நிறுத்தி வணக்கமல்லவா சொன்னார்.

சனிக்கிழமை காலை தொடங்கினோம். அத்தா சிறு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சுவரோரச் சட்டத்தைக் கழற்றினார். அவர் சொன்னபடியே பலகைகள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர் பட்டதோடு இதுவும் சேர்ந்துதான் இவ்வளவு தூக்கியிருக்கிறது. விரலை வைத்துக் கோடு கிழித்து அறுத்தார். அவர் களைத்ததும் நான் அறுத்தேன். வளைந்த ஓரங்களை இழைப்புளியால் சீவிவிடலாமா என்று கேட்டேன்.

"இப்பச் சீவாத. காஞ்சா அது தானா எறங்கும். இப்பச் சீவிட்டா அப்பறம் ஓரமெல்லாம் பள்ளமாயிடும்."

நசீமா தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தாள். அதையும் வேண்டாம் என்றார். அவசரப்பட்டால் மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கும், பலகை பிளந்துவிடும். ஜமுக்காளங்களைச் சுருட்டி அலமாரி மேல் போட்டோம். அறைச் சூட்டை ஒரே அளவில் வைத்தோம். தினமும் காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அத்தா விரல் முட்டியால் தரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். நான்காவது வாரம் ஓரங்கள் படிந்தன. இரண்டு இடத்தில் மட்டும் இன்னும் டொக் இருந்தது. ஊசி மாதிரி ஓட்டை போட்டு, பசையை இறக்கி, மேலே அரிசி மூட்டையை வைத்தார். மூட்டையை எடுத்த அன்று நான் தட்டினேன், ரிசு தட்டினாள், நசீமா தட்டினாள். எங்கும் ஒரே சத்தம். வெறுங்காலோடு கூடத்தில் மேலும் கீழும் நடந்தோம். அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அத்தாவின் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்தேன், இனி எதற்கு என்று.

6

அதே மனிதர் மார்ச் முதல் வாரத்தில் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு நடந்தார். மண்டியிட்டுத் தட்டினார். சட்டத்தை நகர்த்தச் சொல்லி, உள்ளே இருந்த இடைவெளியை அளவுகோலால் அளந்தார். நிறைவாகத் தலையாட்டி, யார் செய்தது என்று கேட்டார். தாதாவும் டாடியும் என்றாள் ரிசு. இந்த முறை அதை நானே சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். தொழில் தெரிந்தவர் வேலை என்றார் அவர். அத்தாவின் கையைக் குலுக்கினார். அத்தா அவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார், அவர் நன்றி என்று ஜெர்மனில் சொன்னார்.

கடிதம் பத்து நாளில் வந்தது. சமையலறை மேசையில் வைத்து நானே படித்தேன், ரிசுவைக் கூப்பிடவில்லை. தரை தற்போது சீராக உள்ளது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் அல்லாதவர்கள், எழுத்துமூல அனுமதி இன்றி, தரையை வெட்டியுள்ளனர். இந்நிலையில் கூடுதலாக ஒருவர் வசிக்க இசைவு தர இயலாது. வியாழக்கிழமை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பேசினேன். அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. கோடையில் எங்கள் நிறுவனம் தரையைப் பரிசோதித்த பிறகு புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார். மார்ச் என்றேன். அது வேறு அலுவலகம் என்று அவரும் சொன்னார். திட்டுவதற்குக்கூட இங்கே யாரும் கிடைப்பதில்லை.

அத்தாவிடம் இந்தத் தடவை ஒரு வரி மாற்றாமல் சொன்னேன். அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நசீமா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"தர படிஞ்சுடுச்சின்னு எழுதியிருக்கானா?"

"எழுதியிருக்கு அத்தா."

"அது போதும்." மேசையில் கையூன்றி எழுந்துகொண்டே, "பொட்டிய எறக்கிடு" என்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க அத்தா. மழைத் தண்ணியெல்லாம் இல்ல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

"தெரியுமே."

மக்ரிபுத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அவர் குளியலறைக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அரை மணி நேரம் ஆகும் என்று நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் கதவு திறந்தது. கையில் என்னுடைய துண்டு. வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, விரலிடுக்கு வரைக்கும் துடைத்தார். அதை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கினார். பிறகு துண்டை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போலத்தான் கேட்டார்.

"இவ்ளோதானே கண்ணு. மொத நாளே சொல்லியிருந்தா தொடச்சிகிட்டுப் போயிருப்பேனே. என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

அவர் காய்ந்த காலோடு கூடத்தைக் கடந்துபோய் முசல்லாவை விரித்தார்.